யார் வீட்டுப் பிள்ளை? கலவர காலத்தில் குழந்தைகள் இல்லங்கள்

கம்பைநல்லூர் வட்டாரத்தில் குழந்தைகள் இல்லம் என்றதும் வறுமைதான் நினைவுக்கு வரும். பெற்றோர் பெங்களூருக்கோ திருப்பூருக்கோ வேலைக்குப் போகிறார்கள், பிள்ளை பாட்டியிடம் வளர்கிறது, பாட்டிக்கும் முடியாமல் போனால் ஏதாவது ஓர் இல்லத்தில் சேர்த்துவிடுகிறார்கள். ஆனால் கலவரமும் பிள்ளைகளை வீட்டிலிருந்து தெருவுக்குத் தள்ளும் என்பதைத் தர்மபுரி மாவட்டம் கண்ணால் கண்டிருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று அரூர் பக்கத்து வாச்சாத்தியில், சந்தன மரத் தேடுதல் என்ற பெயரில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள் புகுந்தார்கள். பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். பிடித்துச் செல்லப்பட்ட 133 பேரில் 90 பேர் பெண்கள், 28 பேர் குழந்தைகள். குற்றவாளிகளில் உயிரோடிருந்த 215 பேருக்கும் தண்டனை கிடைக்க 2011 வரை ஆனது. உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது 2023இல். 2012 நவம்பரில் நாயக்கன்கொட்டாய் பக்கம் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி குடியிருப்புகள் சாதி வெறியில் எரிந்தபோது, வீடுகளோடு பாடநூல்களும் சான்றிதழ்களும் சாம்பலாயின.

அப்படியொரு நாளில் பிள்ளைகள் எங்கே போவார்கள்? அவர்களுக்கென்று ஓர் இல்லம் இருந்தால் அது எப்படி நடக்க வேண்டும், எங்கே தவறிப்போகும்? ஈழத்திலும் இந்தியாவிலும் பிற நாடுகளிலும் நடந்தவற்றை அடுக்கிப் பார்க்கும்போது எனக்கு ஒரு முடிவு தெளிவாகத் தெரிகிறது. கலவர காலத்தில் எல்லாத் தரப்பும் குழந்தையை உரிமை கொண்டாடும். இயக்கம், அரசு, மதம், பணம் தருபவர் என ஒவ்வொருவரும் அது தன் பிள்ளை என்பார்கள். இல்லம் அந்தப் போட்டியில் தானும் ஒரு தரப்பாகிவிட்டால் குழந்தையைக் காக்கும் தகுதியை இழந்துவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது

இந்தியாவில் இதற்கு அடிப்படை 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை யார் என்ற அதன் வரையறையிலேயே ஆயுத மோதல், உள்நாட்டுக் குழப்பம், இயற்கைப் பேரிடர் ஆகியவற்றால் பாதிக்கப்பட்ட குழந்தையும் சேர்க்கப்பட்டிருக்கிறது. அத்தகைய குழந்தையைக் கண்டெடுத்தவர், பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். எந்த இல்லத்துக்கு அனுப்புவது என்பதை முடிவு செய்வது அந்தக் குழு. பதிவு பெறாமல் இல்லம் நடத்துவது தண்டனைக்குரியது. ஆயுதக் குழுக்கள் குழந்தைகளைச் சேர்த்தால் ஏழாண்டு வரை கடுங்காவல். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, குழந்தையை நிறுவனத்தில் வைப்பது கடைசி வழியாக மட்டுமே இருக்க வேண்டும் என்று சட்டத்தின் மூன்றாம் பிரிவு கூறுகிறது. ஐக்கிய நாடுகள் பொதுச் சபை 2009இல் ஏற்ற மாற்றுப் பராமரிப்பு நெறிமுறைகளும் இதையே வலியுறுத்துகின்றன.

சட்டம் இருந்தும் நடைமுறை பின்தங்கியே வந்தது. மாமல்லபுரத்து இல்லம் ஒன்றில் பிள்ளைகள் சீரழிக்கப்பட்டதாக 2007இல் வந்த பத்திரிகைச் செய்தியை வழக்காக எடுத்துக்கொண்ட உச்ச நீதிமன்றம் 2017 மே 5 அன்று தீர்ப்பளித்தது. எல்லா இல்லங்களையும் பதிவு செய்ய வேண்டும், ஒவ்வொரு குழந்தைக்கும் தனிப் பராமரிப்புத் திட்டம் வேண்டும், சமூகத் தணிக்கை நடக்க வேண்டும் என்பது உத்தரவு. அமைதியாக இருக்கும் ஒரு மாநிலத்திலேயே இவ்வளவு உத்தரவு தேவைப்பட்டது என்றால், ஊரே கலைந்து ஓடும் நாளில் கண்காணிப்பு என்ன ஆகும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஈழத்துப் பாடங்கள்

தமிழர்களுக்கு இதில் மிக நெருக்கமான அனுபவம் ஈழத்தினுடையது. அங்கே 1983 முதல் 2009 வரை நீண்ட போரில் பலவகை இல்லங்கள் இயங்கின. மட்டக்களப்பு கல்லடி உப்போடையில் சுவாமி விபுலானந்தர் வேரூன்றிய இராமகிருஷ்ண மிஷனின் மாணவர் இல்லங்கள் ஒருவகை. தெல்லிப்பழை துர்க்கை அம்மன் கோயிலை ஒட்டி சிவத்தமிழ்ச் செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி (1925–2008) வளர்த்த துர்க்காபுரம் மகளிர் இல்லம் இன்னொரு வகை. இவற்றுக்குக் கோயிலும் மடமும் பள்ளியும் பக்கத்துணை. இல்லத்தை ஊர் அறியும், ஊரை இல்லம் அறியும். போர் வருவதற்கு முன்பே மக்களின் நம்பிக்கையைப் பெற்றிருந்தது இவற்றின் பெரிய பலம்.

மூன்றாவது வகை இயக்கம் நேரடியாக நடத்தியது. பெற்றோரை இழந்த சிறுமியருக்காக 1991இல் யாழ்ப்பாணம் சண்டிலிப்பாயில் விடுதலைப் புலிகள் செஞ்சோலையைத் தொடங்கினார்கள். சிறுவர்களுக்குக் காந்தரூபன் அறிவுச்சோலை. தாய் தந்தை இல்லாத பிள்ளைகளுக்கு அங்கே சோறும் கல்வியும் பாசமும் கிடைத்தன என்று அங்கு வளர்ந்தவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். அதை மறுக்க வேண்டியதில்லை. 1995 அக்டோபர் 30 அன்று வலிகாமமே கிளம்பி நடந்த பேரிடப்பெயர்வுக்குப் பிறகு செஞ்சோலையும் வன்னிக்கு வந்தது. செல்லடிக்கும் விமானக் குண்டுக்கும் பயந்து பதுங்குகுழியோரம் வளர்ந்த தலைமுறை அது.

2006 ஆகஸ்டு 14 அன்று முல்லைத்தீவு மாவட்டம் வள்ளிபுனத்தில் செஞ்சோலை வளாகத்தின் மீது இலங்கை விமானப்படை குண்டு வீசியது. ஐம்பதுக்கும் மேற்பட்ட இளம்பெண்கள் இறந்தார்கள், பலர் உறுப்புகளை இழந்தார்கள். அது புலிகளின் பயிற்சி முகாம் என்றது அரசு. கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பள்ளிகளிலிருந்து முதலுதவிப் பயிற்சிக்கு வந்த மாணவிகள் அவர்கள் என்றது யுனிசெஃப். போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுவினரும் அங்கே ராணுவ நிலைக்கான அடையாளத்தைக் காணவில்லை. குழந்தைகள் மீது குண்டு போட எந்தக் காரணமும் போதாது. அந்தக் குற்றம் போட்டவர்களுடையது. ஆனால் இல்லம் நடத்த நினைப்பவர் இதிலிருந்து ஒரு கசப்பான உண்மையையும் எடுத்துக்கொண்டாக வேண்டும். ஓர் இல்லத்தின் பெயரும் வளாகமும் நிர்வாகமும் போரிடும் தரப்பு ஒன்றோடு பிணைந்திருந்தால், எதிர்த்தரப்பின் பார்வையில் அங்குள்ள பிள்ளைகளும் அந்தத் தரப்பாகவே ஆகிவிடுகிறார்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதே புலிகள் பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளைப் படையில் சேர்ப்பதை யுனிசெஃப் ஆண்டுக்கணக்கில் பதிவு செய்து வந்தது. 2003இல் அரசும் புலிகளும் ஒப்புக்கொண்ட செயல்திட்டத்தின்படி, விடுவிக்கப்படும் பிள்ளைகளுக்காகக் கிளிநொச்சியில் ஓர் இடைத்தங்கல் நிலையம் திறக்கப்பட்டது. யுனிசெஃபோடு சேர்ந்து அதை நடத்தியது புலிகளைச் சார்ந்த தமிழர் புனர்வாழ்வுக் கழகம். அங்கே வந்த பிள்ளைகள் மிகக் குறைவு, ஆட்சேர்ப்போ நிற்கவில்லை. பிள்ளைகளை எடுத்துக்கொள்பவரும் பாதுகாப்பவரும் ஒரே வட்டத்தில் இருந்தால் பாதுகாப்பு என்ற சொல்லுக்கு உயிர் இருக்காது. 2006இல் அந்தக் கழகத்தின் வங்கிக் கணக்குகளை இலங்கை மத்திய வங்கி முடக்கியபோது, அதன் பணத்தை நம்பியிருந்த பணிகளும் ஆட்டம் கண்டன.

2009இல் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் வவுனியா மெனிக் பாம் முதலிய முகாம்களுக்குள் வந்தபோது, யார் பிள்ளை யாரிடம் என்பது பெரிய கேள்வியாயிற்று. அந்த ஆண்டின் இறுதியில் யுனிசெஃப் துணையோடு வவுனியாவில் குடும்பம் தேடும் பிரிவு ஒன்று அமைந்தது. நூற்றுக்கணக்கான குழந்தைகளின் பெயர்கள் அங்கே பதிவாயின. பெயரும் ஊரும் பெற்றோர் பெயரும் எழுதிவைக்கப்பட்ட பிள்ளையைத் தேடுவது எளிது. எழுதப்படாத பிள்ளையின் தாய் முகாம் முகாமாக அலைந்தாள்.

அகதி முகாமில் கிடைத்த மாற்றுவழி

கடல் கடந்து தமிழகம் வந்தவர்களின் கதை வேறு. 1983 முதல் 2010 வரை அலை அலையாக மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். மாநிலமெங்கும் முகாம்கள் அமைந்தன. தர்மபுரி மாவட்டத்திலும் தும்பலஅள்ளி, நாகாவதி போன்ற அணைகளை ஒட்டி முகாம்கள் உண்டு. இங்கே பெரும்பாலான பிள்ளைகள் இல்லங்களுக்கு அனுப்பப்படவில்லை. தாயோடும் பாட்டியோடும் முகாமிலேயே வளர்ந்து அரசுப் பள்ளியில் படித்தார்கள். எஸ்.சி. சந்திரஹாசன் 1984இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் முகாம் இளைஞர்களையே ஆசிரியர்களாக்கி மாலை வகுப்புகளை நடத்தியது.

முகாம் வாழ்வு இனியது என்று யாரும் சொல்ல முடியாது. நெருக்கடியான வீடுகள், குடியுரிமை இல்லாமை, வெளியே போய்வரக் கட்டுப்பாடு என்று துன்பங்கள் ஏராளம். 2021இல் மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாறிய பிறகுதான் புது வீடுகள் வேகமெடுத்தன. இருந்தாலும், போரில் வீடிழந்த பிள்ளைக்கு உறவைப் பறிக்காமல் படிப்பைத் தர முடியும் என்பதற்குத் தமிழகம் தந்த பெரிய சான்று இது.

இந்தியாவில் இரண்டு காட்சிகள்

2008 ஆகஸ்டு 23 அன்று ஒடிசாவில் சுவாமி லட்சுமணானந்த சரஸ்வதி கொல்லப்பட்டார். அதையடுத்து கந்தமாலில் கிறிஸ்தவர்களுக்கு எதிராகக் கிளம்பிய வெறி பர்கர் மாவட்டம் வரை பரவியது. அங்கே பாதிரியார் நடத்திய ஓர் அநாதை இல்லத்துக்குள் கும்பல் புகுந்தது. அங்கு பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்த ரஜனி மாஜி என்ற இளம்பெண் உயிரோடு எரிக்கப்பட்டார். அவர் பிறப்பால் இந்து. மதத்தின் பெயரால் வந்தவர்கள் அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. சிறுபான்மையினர் நடத்தும் இல்லங்கள் கலவரத்தில் முதல் இலக்காவது நம் நாட்டில் திரும்பத் திரும்ப நடப்பது. அங்கே பணிபுரியும் ஆயாக்களும் வார்டன்களும் பெரும்பாலும் ஏழைப் பெண்கள். அவர்களின் பாதுகாப்பைப் பற்றி யாரும் முன்கூட்டி யோசிப்பதே இல்லை.

இன்னொரு காட்சி காஷ்மீரில். மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த அதிக் கதம் 2002இல் குப்வாராவில் பெற்றோரை இழந்த சிறுமியருக்காக ஓர் இல்லம் தொடங்கினார். துப்பாக்கி ஏந்தியவர்கள் அவரைப் பலமுறை பிடித்துவைத்து விசாரித்தார்கள். உளவாளி என்ற சந்தேகம் இரு பக்கமும் இருந்தது. அவர் உள்ளூர் வீடுகளிலேயே தங்கி, உள்ளூர் மக்களையே பணியாளர்களாக்கி, பிள்ளைகளின் மதத்திலும் மொழியிலும் கைவைக்காமல் அங்கேயே வளர்த்தார். இல்லங்கள் பிறகு அனந்தநாக், பட்காம், ஜம்மு எனப் பெருகின. அந்நியரான ஒருவர் அங்கே நிலைக்க முடிந்ததற்குக் காரணம், பிள்ளைகளைத் தன் பக்கம் இழுக்க அவர் முயலவில்லை என்று ஊரார் கண்டுகொண்டதுதான்.

உலகம் கண்டவை

வார்சாவில் டாக்டர் யானுஷ் கோர்ச்சாக் நடத்திய இல்லத்தில் பிள்ளைகளே நீதிமன்றம் நடத்தினார்கள், பத்திரிகைக்கு எழுதினார்கள். நாஜிகள் அந்த இல்லத்தை 1940இல் யூதர் அடைப்புக்குள் தள்ளிய பிறகும் அந்த ஒழுங்கு தொடர்ந்தது. 1942 ஆகஸ்டில் ஏறத்தாழ இருநூறு பிள்ளைகள் திரெப்ளிங்காவுக்கு அனுப்பப்பட்டபோது, தப்பிக்கக் கிடைத்த வாய்ப்புகளை மறுத்து அவரும் உடன் சென்றார். அவருடைய தியாகத்தை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. இல்லம் நடத்துபவர் அவரிடம் கற்க வேண்டியது அதற்கு முந்தைய இருபது முப்பது ஆண்டு அன்றாட நடைமுறையை. பயம் சூழ்ந்த நாளிலும் பிள்ளைக்கு ஒரு குரல் உண்டு, ஒரு கடமை உண்டு என்று அவர் நடத்திக் காட்டினார்.

அதே போர்க்காலத்தில் லண்டன் ஹாம்ஸ்டெட்டில் அன்னா பிராய்டும் டாரதி பர்லிங்ஹாமும் நடத்திய போர்க்கால நர்சரிகள் வேறொரு உண்மையைக் கண்டன. தாய் பக்கத்தில் இருந்த குழந்தை குண்டுவீச்சை ஓரளவு தாங்கியது. பாதுகாப்பான கிராமத்துக்குத் தனியே அனுப்பப்பட்ட குழந்தை பிரிவில் உடைந்தது. அதனால் அவர்கள் சில குழந்தைகளுக்கு ஒரு செவிலித்தாய் என்று சிறு குடும்பங்களாகப் பிரித்தார்கள். தாய்மார் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கக் கதவைத் திறந்து வைத்தார்கள்.

ருவாண்டாவில் 1994 இனப்படுகொலையின்போது கிகாலியில் தமாஸ் கிசிம்பா தம் இல்லத்தில் ஏறத்தாழ நானூறு பேரை மறைத்துக் காத்தார். கொலைக் கும்பல் சூழ்ந்தபோது, தண்ணீரும் உணவும் கொண்டுவந்த கார்ல் வில்கன்ஸ் என்ற அமெரிக்கர் இடைக்காலப் பிரதமரையே நேரில் பார்த்து அதைத் தடுக்கக் கேட்டார். துட்சி பிள்ளையா ஹூட்டு பிள்ளையா என்று கிசிம்பா யாரையும் பிரிக்கவில்லை.

நேபாளத்தில் நடந்தது எச்சரிக்கை. 1996 முதல் 2006 வரை நடந்த மாவோயிஸ்ட் போரில், வீட்டுக்கொரு பிள்ளையைக் கேட்பார்கள் என்ற பயம் மலைக் கிராமங்களில் பரவியது. ஹும்லா போன்ற மாவட்டங்களுக்குத் தரகர்கள் வந்தார்கள். காத்மாண்டுவில் பாதுகாப்பும் படிப்பும் தருகிறோம் என்று பெற்றோரிடம் பணம் வாங்கிக்கொண்டு பிள்ளைகளை அழைத்துப் போனார்கள். அங்கே அந்தப் பிள்ளைகள் அநாதைகள் என்று காட்டப்பட்டு வெளிநாட்டு நன்கொடைக்குக் காட்சிப்பொருளானார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குப் பெற்றோர் உயிரோடிருந்தார்கள் என்பது பின்னால் வீடு தேடிச் சென்றவர்களால்தான் வெளிவந்தது. சிரியாவில் இன்னும் கொடுமை. ஆசாத் ஆட்சியின் உளவுத்துறை, கைது செய்தவர்களின் பிள்ளைகளை அடையாளம் மறைத்து அநாதை இல்லங்களில் வைத்தது. உலகப் புகழ்பெற்ற எஸ்.ஓ.எஸ். அமைப்பும் உரிய ஆவணமின்றி அத்தகைய குழந்தைகளைப் பெற்றதை ஆட்சி விழுந்த பிறகு ஒப்புக்கொண்டது.

அன்றாடம் நடத்துவது எப்படி

இவற்றிலிருந்து நடைமுறைக்கு வருவோம். ஊரடங்கு போட்ட பிறகு தயாரிப்பு தொடங்க முடியாது. இரண்டு வாரத்துக்கான அரிசி, பருப்பு, குடிநீர், எரிபொருள், கைக்குழந்தைக்குப் பால்மாவு, தொடர் சிகிச்சையில் உள்ள பிள்ளைகளுக்கு மாத்திரை எப்போதும் கைவசம் இருக்க வேண்டும். எந்தப் பணியாளர் எந்தப் பிள்ளைகளோடு வெளியேறுவார், நடக்க முடியாத பிள்ளையைத் தூக்குவது யார், எந்த வழி, எந்தப் பள்ளி அல்லது மண்டபம் என்பது முன்பே முடிவாகியிருக்க வேண்டும். பணியாளர்களுக்கும் வீடும் குழந்தையும் உண்டு. அவர்களின் குடும்பத்தையும் உடன் தங்கவைக்க ஏற்பாடு செய்தால்தான் அவர்கள் பதற்றமின்றி நிற்பார்கள்.

பதிவேடு இரண்டு இடங்களில் இருக்க வேண்டும். பிள்ளையின் புகைப்படம், பெற்றோர் பெயர், ஊர், உறவினர் கைபேசி எண், இரத்த வகை, பிறப்புச் சான்று, ஆதார், சாதிச் சான்றிதழ், பள்ளி மாற்றுச் சான்றிதழ் ஆகியவற்றின் நகல் ஒன்று இல்லத்திலும் ஒன்று மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலும் இருந்தால், நாயக்கன்கொட்டாயில் போல ஒரே நெருப்பில் எல்லாம் போகாது. ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தன் முழுப்பெயரும் அம்மா பெயரும் ஊர்ப் பெயரும் ஒரு தொலைபேசி எண்ணும் மனப்பாடமாக இருக்க வேண்டும். ஆனால் கும்பல் பெயரையும் சாதியையும் மதத்தையும் தேடிவரும் நாளில் இந்தப் பதிவேடே ஆபத்தாகலாம். அதைப் பூட்டிவைப்பதும் யாரிடமும் காட்ட மறுப்பதும் நிர்வாகியின் கடமை.

வாசற்படி எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆயுதத்தோடு யாரும் உள்ளே வரக்கூடாது, கட்சிக் கொடி கூடாது, தலைவர் படம் கூடாது, அரசியல் கூட்டத்துக்குப் பிள்ளைகளை அனுப்பக் கூடாது. குழந்தைகள் நலக் குழுவின் எழுத்து உத்தரவு இல்லாமல் எந்தப் பிள்ளையும் உள்ளே வரவோ வெளியே போகவோ கூடாது. அதிகாரி வாய்மொழியாகச் சொன்னாலும் எழுத்தில் கேட்க வேண்டும். சிரியா கற்பித்தது அதுதான்.

பிள்ளைகளின் மனதைப் பார்த்துக்கொள்ள மருத்துவர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வழக்கமான நேரத்தில் சாப்பாடு, பள்ளி மூடினாலும் உள்ளே வகுப்பு, மாலை விளையாட்டு, இரவில் பழகிய ஆளின் அருகாமை என்பவை முதல் மருந்து. நடந்ததை வயதுக்கேற்ற சொற்களில் உண்மையாகச் சொல்ல வேண்டும். ஓயாமல் ஓடும் தொலைக்காட்சிச் செய்தியை அணைத்து வைக்க வேண்டும்.

பணமும் ஒரே இடத்திலிருந்து வரக்கூடாது. கம்பாஷன் இன்டர்நேஷனல் என்ற வெளிநாட்டு அமைப்பு 2017இல் இந்தியாவை விட்டு வெளியேறியபோது, உள்ளூர் மையங்கள் வழியே அதன் உதவியைப் பெற்றுவந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அதை இழந்தார்கள். உள்ளூர் மளிகைக்காரரும் விவசாயியும் ஆளுக்கொரு மூட்டை தரும் இல்லம், தொலைவிலுள்ள ஒரே கொடையாளரை நம்பிய இல்லத்தைவிட உறுதியானது.

இல்லங்கள் வேண்டாமா?

இவ்வளவு ஆபத்து என்றால் இல்லங்களையே மூடிவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களின் வாதத்தில் பெரும்பகுதி சரி. இலங்கையிலும் நேபாளத்திலும் ஹைத்தியிலும் இல்லப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ இருக்கிறார்கள். இந்தியாவில் மிஷன் வாத்சல்யா திட்டம் இல்லத்தில் வளரும் பிள்ளைக்கு மாதம் 3,000 ரூபாய் என்றால், உறவினர் வீட்டில் வளரும் பிள்ளைக்கு 4,000 ரூபாய் ஒதுக்குகிறது. தமிழக அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டம் மாதம் 2,000 ரூபாய் தருகிறது. பாட்டியின் கையில் அந்தப் பணம் சேர்ந்தால் பல பிள்ளைகள் இல்லத்துக்கே போக வேண்டியதில்லை.

ஆனாலும் உறவே இல்லாத பிள்ளையும், உறவாலேயே துன்புற்ற பிள்ளையும், எரிந்த ஊரிலிருந்து தனியே ஓடிவந்த பிள்ளையும் இருப்பார்கள். அவர்களுக்கு ஒரு வாசல் திறந்திருக்க வேண்டும். அந்த வாசல் சிறியதாக, ஊருக்குள், பதிவு பெற்றதாக, நாளை அந்தப் பிள்ளை வீடு திரும்பும் வழியைத் தேடிக்கொண்டே இருப்பதாக இருக்க வேண்டும்.

கம்பைநல்லூர் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவுக்கு யாராவது வந்து, இலவசப் படிப்பு, நல்ல விடுதி என்று பிள்ளையைக் கேட்டால், இல்லத்தின் பதிவுச் சான்றிதழையும் குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவையும் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் 1098க்கு அழையுங்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் இல்லம் இருந்தால் போய்ப் பாருங்கள், பிள்ளைகளின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஊருக்குத் தெரிந்த பிள்ளையைக் கலவரத்தில் யாரும் எளிதில் தூக்கிப் போக முடியாது.

குழந்தை எந்த இயக்கத்துக்கும் எந்த மதத்துக்கும் எந்தக் கொடையாளருக்கும் சொந்தமில்லை. இல்லத்துக்கும் சொந்தமில்லை. அதைப் பெற்றவரிடமோ உற்றவரிடமோ நல்லபடியாகத் திருப்பி ஒப்படைக்கும்வரை காத்துவைப்பது மட்டுமே இல்லத்தின் வேலை.